சாதா பிளேட்டும் ஒரு ஜோடிக் கம்மலும்

மாசியில் வத்தல் காயப்போட்ட களத்தில் பெரியம்மா வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிவு. விளாத்திகுளம் அரசு மருத்துவமனையில் கட்டுப்போட்டுத் தூத்துக்குடிக்குப் போகச் சொன்னார்கள். "காப்பீட்டு அட்டை இருக்குல்லா, மதுரைக்கே போயிருவோம்" என்றான் அண்ணன். அங்கே ஒரு தனியார் மருத்துவமனை. காப்பீட்டு மேசையில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு அண்ணனை விட்டு மதினியிடம் சொன்னாள்: "இதுல சாதா பிளேட்டுதான்க்கா வரும். நல்ல பிளேட்டுன்னா முப்பதாயிரம் தனியாக் கட்டணும்."

மதினி கம்மலைக் கழற்றினாள். "மாமியாருக்கு மட்டமானத வச்சுட்டான்னு நாளைக்கு ஊரு பேசும்லா." நான் ரசீது கேட்டேன். ஒரு துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

வகுப்பில் அடைமொழிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவள் நான். 'சாதா' என்ற ஒரு அடைமொழி இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018இல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மேடைகளில் ஒலிப்பது இந்த 5 லட்சம்தான். நோயாளியின் கதியைத் தீர்மானிப்பது வேறொரு எண்: ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவமனைக்குத் தரப்படும் தொகுப்புக் கட்டணம். அதை மீறி நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது விதி.

அந்தக் கட்டணம் போதாது என்று மருத்துவமனைகள் சொல்வது முழுப் பொய்யுமல்ல. ஆயுஷ்மான் பாரத்தின் முதல் பட்டியலில் அறுவைப் பிரசவத்துக்கு 9,000 ரூபாய் என்றிருந்தது. கட்டுப்படியாகாது என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் தனியார் மருத்துவமனைகள், பாக்கி வரவில்லை என்று இத்திட்டத்தில் சிகிச்சையையே நிறுத்தின. அமெரிக்காவிலும் இதே கதை: ஏழைகளுக்கான மெடிகெய்ட், முதியோருக்கான மெடிகேரைவிட மருத்துவர்களுக்குக் குறைவாகத் தருகிறது; புதிய மெடிகெய்ட் நோயாளிகளை ஏற்காத மருத்துவர்கள் அங்கே ஏராளம். நம் ஊரில் கதவை அடைப்பதில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்துத்தான் அடைமொழியைச் சொல்கிறார்கள்.

அதையும் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அட்டை குடும்பத் தலைவர் பெயரில் இருக்கிறது. மதுரை என்று முடிவு செய்தவன் மகன். ஆனால் பிளேட்டைப் பற்றிய பேச்சு மருமகளிடம் நடக்கிறது. அவளால் 'சாதா போதும்' என்று சொல்ல முடியாது. சொன்னால் பெரியம்மா நொண்டும் ஒவ்வொரு அடியும் அவள் கணக்கில் ஏறும். அரசு தரும் தொகைக்கும் மருத்துவமனை கேட்கும் தொகைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவது 'நல்ல மருமகள்' என்ற பெயருக்கு அவள் கொடுக்கும் விலை. இதை எந்தச் சுகாதாரப் பொருளாதாரக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை. நம் பெண்ணியக் கட்டுரைகளிலும்தான். மாமியார் மருமகள் உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த உறவை ஒரு வசூல் மையமாக ஆக்கியிருப்பதைப் பார்க்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளையும் வில்லியாக்க எனக்கு மனமில்லை. இருபத்திரண்டு வயது இருக்கும். அந்த வரியைச் சொல்வதுதான் அவள் வேலை. அவள் சம்பளமும் நர்சுகளின் சம்பளமும் அதே போதாத தொகையிலிருந்துதான் வரவேண்டும். முதலில் கிள்ளப்படுவது அவைதான். கட்டணத்தை உயர்த்து என்று மருத்துவமனைகள் கேட்கும்போது நாமும் சேர்ந்து கேட்கலாம், ஆட்சேபமில்லை. உயர்ந்த தொகை இவளுக்கு வருமா, துண்டுத்தாள் நிற்குமா என்று கூடவே கேட்க வேண்டும். பதினொரு நாள் கட்டிலடியில் படுத்து, பெட்பேன் எடுத்த மதினியின் கூலி எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதையும்.

தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்கே போயிருக்கலாம். அங்கும் இதே அட்டை செல்லும்.

பெரியம்மா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். கம்மல் இன்னும் அடகுக்கடையில். வீட்டுக்கு வந்தபின் டிஸ்சார்ஜ் தாளை இரண்டு முறை வாசித்தேன். பிளேட் வைக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. சாதாவா, நல்லதா என்று அதில் இல்லை.