வாங்க மறுத்த வாடகை

பழைய குடித்தனக்காரரைக் கிளப்ப வீட்டுக்காரர்கள் கையாண்ட தந்திரம் சென்னையிலும் கொழும்பிலும் ஒன்றுதான். வாடகையை வாங்கமாட்டார்கள். மாதம் பிறந்ததும் கொண்டுபோய் நீட்டினால், "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். சில மாதம் இப்படியே போனதும் வக்கீல் நோட்டீஸ் வரும்: வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய். இரு ஊர்ச் சட்டங்களும் இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருந்தன. தப்பிக்கக் காட்டிய வழிதான் வேறு.

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரரைப் படிப்படியாக நடக்கவைத்தது. எந்த வங்கியில் கட்டுவது என்று எழுத்தில் கேட்க வேண்டும். வீட்டுக்காரருக்குப் பத்து நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் மணியார்டர் (அதன் கமிஷனை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்). அதுவும் திரும்பி வந்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு, அனுமதி பெற்றுக் கட்ட வேண்டும். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்து நேரே கட்டியவர்களுக்கு உச்ச நீதிமன்றமும் இரக்கம் காட்டவில்லை. கையில் காசு இருந்தும், கட்ட மனம் இருந்தும், வரிசை பிசகியதால் வீட்டை இழந்தவர்கள் உண்டு.

இலங்கையின் 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் இந்தச் சுற்று இல்லை. வீட்டுக்காரர் மறுத்தாரா என்று நிரூபிக்கவே தேவையில்லை. உள்ளூராட்சி சபையில் அதற்கென உள்ள அதிகாரியிடம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினால் போதும், வீட்டுக்காரர் கையில் கொடுத்ததாகவே கணக்கு. என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான ஏற்பாடு. ஆனால் வாடகையும் பழைய மதிப்பீட்டோடு கட்டுண்டு கிடந்ததால், சபையில் போய் எடுத்துவரும் பணம் பஸ் காசுக்குக் காணாது என்று உடைமையாளர்கள் புலம்பியதிலும் நியாயம் இருந்தது. தமிழ்நாட்டு வீட்டுக்காரருக்கு அப்படி முழுக் கதவடைப்பு இருக்கவில்லை. கட்டட, மனை மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடையென்றால் 12 சதவீதம் என்று 'நியாய வாடகை' கேட்டு வழக்காட அந்த 1960 சட்டம் இடம் கொடுத்தது.

கொழும்பில் அடுத்த ஆண்டே இன்னொரு அடி. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வந்த 1973ஆம் ஆண்டு வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை போட்டது. மிஞ்சியவற்றை அரசு எடுத்துக்கொண்டது. குடியிருந்தவர்களில் பலர் அதே வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். வாடகைக்கு விடுவதற்கென்று வீடு கட்ட அப்புறம் யாருக்குத் துணிவு வரும்?

உள்ளே இருப்பவரைச் சட்டம் காத்தது. வாசலில் நிற்பவர்தான் அதற்கு விலை கொடுத்தார். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு தேடுபவரிடம் ஆறு மாத, ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பது வழக்கம். அந்தப் பணம் மாதாமாதம் கழியும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ். அது கழியாது, வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்கள், சுவர் புதிதாக இருந்தாலும். 2017ஆம் ஆண்டின் புதிய தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற வாலையும் ஒட்டிவைத்திருக்கிறது. அந்த வால் போதாதா?

பத்திரத்திலும் ஒரு வேடிக்கை. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகைக்குப் பதிவு வேண்டாம் என்ற இந்திய விதியைச் சாக்காக வைத்து நாம் 11 மாதம் எழுதிப் பழகினோம். இலங்கையில் ஒரு மாதத்தைத் தாண்டும் குத்தகையே நொத்தாரிசு (நோட்டரி) முன் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அது. முடிந்துபோன குத்தகை இடத்தை விரைவாக மீட்க 2023இல் அங்கே தனிச் சட்டமும் வந்துவிட்டது. 2019இல் நடைமுறைக்கு வந்த அந்த 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 11 மாதக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை: எல்லா வாடகைக்கும் எழுத்து ஒப்பந்தம், பதிவு. இருவரும் ஒப்பந்தம் போடத் தவறியதையே வீட்டைக் காலி செய்யச் சொல்லும் காரணமாகவும் அது ஏற்கிறது. எழுதித் தரச் சாக்குச் சொல்லிக் காலம் கடத்தியவர் வீட்டுக்காரரேயானாலும், மூட்டை கட்டப்போவது யார் என்பதில் சந்தேகமில்லை.