குமுதினியில் நெடுந்தீவுக்கு

நெடுந்தீவு என்றதும் முருகைக்கல் மதில்கள், கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கமரம் என்றுதான் பேசுவார்கள். எனக்கோ அங்கே போகப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே மனம் நிறைந்துவிடும். விரைவுப் படகு ஆளைக் கரை சேர்க்கும், அவ்வளவுதான். குமுதினிப் படகு அப்படியல்ல. இயந்திரத்தின் சீரான இரைச்சல், டீசல் மணம், அரிசி மூட்டை, சைக்கிள், வேலைக்குப் போகும் ஆசிரியர்கள் என்று தீவின் அன்றாடமே ஏறக்குறைய ஒரு மணி நேரம் நம்மோடு மிதந்து வரும்.

1985 மே 15 அன்று இந்தப் படகில்தான் குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அது ஓடியது. தீவுச் சனம் அதிலேயே ஏறியது. உல்லாசமாகப் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டே ஏறட்டும். ஏறியபின் படகின் மேலே இடம் கிடைத்தால் விடாதீர்கள். உப்புக்காற்று முகத்தில் நன்றாக அடிக்கும்.