பந்தயத்துக்கு முந்தின இரவில் புதுப் பாட்டு வேண்டாம்

சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் விடியுமுன் ஓட வருபவர்களிடம் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: பந்தய நாளில் புதிதாக எதுவும் கூடாது. புது ஷூ வேண்டாம், பழகாத எனர்ஜி ஜெல் வேண்டாம், என்றைக்கும் இல்லாத திருநாளாக அன்று காலை பூரி மசாலாவும் வேண்டாம். முதல் முறை 10 கிலோமீட்டர் ஓடுபவர்கூட இதைக் கேட்டு நடப்பார். ஆனால் அதே ஆள் பந்தயத்துக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் புரளும்போது, போனை எடுத்து 'தூங்க வைக்கும் இசை' என்று தேடி, முதலில் வந்து விழுவதைப் போட்டுக்கொண்டு படுக்கிறார். ஷூவுக்குப் பொருந்தும் சட்டம் இந்தப் பாட்டுக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். தூங்க உதவும் இசை கடைசி நேர மருந்தன்று. வாரக்கணக்கில் பழக்கிக்கொள்ள வேண்டிய பயிற்சி அது.

முந்தின இரவுத் தூக்கமின்மை ஏதோ ஒரு சிலரின் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் முன்னணி விளையாட்டு வீரர்கள் 283 பேரிடம் ஜூலிஃப், ஹால்சன், பைஃபர் ஆகியோர் விசாரித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 64 சதவீதம் பேர் கடந்த ஓராண்டில் ஒரு முறையாவது முக்கியமான போட்டிக்கு முன் சரியாகத் தூங்கவில்லை என்றார்கள். பெரும்பாலோருக்குச் சிக்கல், படுத்ததும் கண் அயராததுதான். காரணம் போட்டியைப் பற்றிய நினைப்பு. உடம்பு களைத்திருக்கிறது, மனம் மட்டும் நாளைய பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் இந்த எலியட்ஸ் கடற்கரையிலிருந்துதான் இருட்டோடு கிளம்புகிறது. அதற்கு மூன்று, மூன்றரைக்கு எழ வேண்டும். ஒன்பது மணிக்குப் படுத்தவர் பதினொன்று வரை புரண்டால் கையில் நிற்பது நாலு, நாலரை மணி நேரம்.

ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் குடியா முழுகிவிடும் என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஓர் இரவுத் தூக்கம் குறைந்ததால் மட்டும் யாருடைய கால்களும் வலுவிழந்துவிடுவதில்லை, பந்தய நாளின் உற்சாகமே பாதியை ஈடுகட்டிவிடும். ஆனால் அந்த நியாயம் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. ஓர் இரவு அவ்வளவு முக்கியமில்லை என்றால், பல வாரங்களின் தூக்கம்தான் முக்கியம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷெரி மா குழுவினர் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம் வரை, தினமும் பத்து மணி நேரமாவது படுக்கையில் இருக்கச் செய்தார்கள். 282 அடி தூர ஓட்டத்துக்கு அவர்கள் எடுத்த நேரம் 16.2 வினாடியிலிருந்து 15.5 ஆகக் குறைந்தது. கூடைக்குள் பந்து விழும் கணக்கும் ஒன்பது சதவீதம் ஏறியது. 2011-ல் வெளியான இது சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் பலன் வந்தது ஓர் இரவில் இல்லை, வாரக்கணக்கில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இசைக்கும் அதே கணக்குதான். தைவானில் லாய், குட் ஆகியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் முதியவர்கள் 60 பேர் பங்கேற்றனர். இசை கேட்ட குழுவினர் ஆறு வகை மெல்லிசையில் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்து, தினமும் படுக்கும்போது 45 நிமிடம் கேட்டார்கள். மூன்று வாரத்தில் தூக்கம் வாரத்துக்கு வாரம் மேம்பட்டது. ஹங்கேரியில் ஹர்மாட் குழுவினர் 2008-ல் தூக்கச் சிக்கல் உள்ள மாணவர்கள் 94 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு 45 நிமிடம் அமைதியான செவ்வியல் இசை கேட்டது, இன்னொன்று ஒலிப்புத்தகம் கேட்டது, மூன்றாவது எதையும் கேட்கவில்லை. மூன்று வாரத்துக்குப் பின் தூக்கம் தெளிவாக மேம்பட்டது இசை கேட்டவர்களுக்குத்தான். படுக்கையில் கதை கேட்டுக்கொண்டிருப்பதும் இசை கேட்பதும் ஒன்றல்ல. காக்ரேன் அமைப்பு 2022-ல் 13 ஆய்வுகளை, மொத்தம் 1007 பேரை, சேர்த்துப் பார்த்து, தூக்கத்தின் தரம் குறித்து ஓரளவு நம்பிக்கையோடு 'பலன் உண்டு' என்றது. எவ்வளவு சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பதில் ஆதாரம் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது.

சரி, எந்த இசை? இந்த ஊரில் கேட்டால் உடனே வரும் பதில் நீலாம்பரி. சங்கராபரணத்தில் பிறந்த இந்த ராகத்துக்குத் தூக்கத்தோடு உள்ள உறவு பழையது. கோயில்களில் பள்ளியறை நேரத்தில் நாகஸ்வரத்தில் ஒலிப்பது, தியாகராஜர் ஊஞ்சல் கீர்த்தனைக்குத் தேர்ந்தெடுத்தது. சுரங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், தூளி போய்த் திரும்புவதுபோல அசைந்து அசைந்து நகரும். மூச்சு அதோடு சேர்ந்துகொள்ள வசதியான நடை அது. ஆனால் ராகத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பேன். கச்சேரிப் பதிவைப் போட்டுக்கொண்டு படுப்பவரை நினைத்துப் பாருங்கள். ஆலாபனையில் கண் செருகும், கீர்த்தனையில் மூச்சு நிதானப்படும், அடுத்த உருப்படியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும். மிருதங்கமும் கடமும் மோரா வைத்து முடிக்கையில் அரங்கமே கைதட்டும். ராகம் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வீண். தாளவாத்தியம் இல்லாத ஆலாபனையோ, தம்புராவோடு மெல்ல நகரும் வீணையோ, ஒரே வேகத்தில், ஒரே சத்த அளவில் இருபது நிமிடத்துக்கு மேல் போகிறதா என்பதுதான் கேள்வி. அது நீலாம்பரியாக இருந்தால் நல்லது, ஆனந்தபைரவியாக இருந்தாலும் குறையில்லை.

'எனக்கு எஸ்பிபி குரல் போதும், இளையராஜாவின் பழைய மெலடி போதும்' என்பவர்களும் நிறைய. பிடித்த பாட்டு மனதை இளக்கும், உண்மைதான். ஆனால் நன்றாகத் தெரிந்த பாட்டு காதைவிட்டுப் போன பிறகும் தலைக்குள் ஓடும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2021-ல் இதைச் சோதித்தார்கள். படுக்கும் முன் கேட்ட பாட்டு மண்டைக்குள் சுழன்றவர்களுக்குத் தூக்கம் கெட்டது. வரிகள் இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் வாசித்த பிரபலப் பாடல்கள்தான் இந்தச் சுழற்சியை அதிகம் கிளப்பின. புல்லாங்குழலில் வாசித்த சினிமாப் பாட்டு என்றால் சொல் இல்லையே, தொந்தரவு இருக்காது என்று நம்புபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வரிகளை நாமே மனதுக்குள் பாடிவிடுகிறோம். காதுக்குப் பழகியிருக்க வேண்டும், வாய்க்கு வரக் கூடாது என்பதே என் அளவுகோல்.

அமைதியைவிட நல்ல இசை ஏது என்பவர்களுக்கு மறுப்பில்லை. படுத்ததும் தூங்குபவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மாதக்கணக்கில் தூக்கம் இல்லாதவருக்கும், குறட்டையில் மூச்சுத் திணறுபவருக்கும் பாட்டு தீர்வாகாது, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் நிற்பவர்களுக்குத்தான் இந்த யோசனை. காதில் செருகாமல், சின்ன ஸ்பீக்கரில், மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டாத அளவில் வைத்தால் போதும். இலவசச் செயலியில் போட்டால் நடுவே விளம்பரம் அலறும். அதனால் பாட்டை முன்பே இறக்கி வைத்து, 45 நிமிடத்தில் தானாக நிற்கும்படி செய்துவிட்டு, போனைக் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். அப்புறம் பாட்டை மாற்றவே கூடாது. தூளியில் போட்ட பிள்ளைக்கு நம் வீடுகளில் தினம் ஒரு புதுத் தாலாட்டு பாடுவதில்லை. இன்றைக்கும் அதே ஆராரோ, நாளைக்கும் அதே ஆராரோ.

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. பெயர் கொடுத்திருப்பவர்கள், ஷூவைப் பழக்கும்போதே பாட்டையும் பழக்கத் தொடங்குங்கள். மார்கழி முதல் தேதி இரவில் ஆரம்பித்தால் ஏறக்குறைய மூன்று வாரம் கிடைக்கும்.