கமே மேல் என்ன தப்பு?

போஜொலே என்றாலே பலருக்கும் நுவோதான். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை, அறுவடை முடிந்த சில வாரத்திலேயே கடைக்கு வந்துவிடும் பிரெஞ்சு சிவப்பு ஒயின். வாழைப்பழ வாசம், மிட்டாய் வாசம், அவ்வளவுதான். அதைக் குடித்துவிட்டு "கமே திராட்சையே இப்படித்தான்" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகலை. அந்த வாசம் பெரும்பாலும் செய்முறையோடது. குலையை நசுக்காம முழுசா, கரியமில வாயு நிறைந்த தொட்டியில் சில நாள் மட்டும் நொதிக்க விடுகிறார்கள்.

அதே வட்டாரத்து மோர்கோனைக் குடித்துப் பாருங்கள். அங்கேயும் பலர் முழுக்குலைதான் போடுகிறார்கள், ஆனால் அவசரமில்லாமல். செர்ரி, கொஞ்சம் மண்வாசம்; சில வருஷம் பாட்டிலில் கிடந்தால் பினோ நுவாரோன்னு சந்தேகமே வரும். (1395-இல் பர்கண்டி பிரபு பிலிப் பினோவுக்காகத்தான் கமேயைப் பிடுங்கி எறியச் சொன்னார்!) தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது நன்றாகவே தேறியது.

துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். லேசாகக் குளிரவைத்து, லியோன்காரர்கள் மாதிரி பன்றி இறைச்சி சாசேஜோடு குடிக்கலாம். கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்பு எடுத்துவிடும். வறுத்த மாட்டிறைச்சி என்றால் கொஞ்சம் கனமான மூலான்-அ-வான் வாங்குங்கள். அதுவும் கமேதான்.