மன்றங்களில் பேசுவது யார்?

ஜூன் மாதம் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பொறுப்புப் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்பட மன்றம், வானவில் மன்றம், பசுமைப் படை, ஜே.ஆர்.சி. எனும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், நாட்டு நலப்பணித் திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் உண்டு. சில பள்ளிகளில் மூன்று பொறுப்பு ஒரே தமிழாசிரியர் தலையில் விழும்.

பெயரளவில் கிடந்த மன்றங்களுக்கு 2022இல் உயிர் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை அரசுப் பள்ளிகளில் போட்டுக் காட்டினார்கள். 1921இல் வந்த மௌனப் படம் என்பதால் ஆங்கிலம் தெரியவில்லையே என்று ஒரு பிள்ளையும் ஒதுங்க வேண்டியதில்லை. படம் முடிந்ததும் மாணவர்களைப் பேசவிட வேண்டும் என்பதும் ஏற்பாடு. வளர்த்த பையனை விட்டுக் கல்லெறியச் சொல்லி, உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிப் பிழைக்கிறவன் நல்லவனா, கெட்டவனா? இதற்கு எந்தக் கோனார் உரையிலும் விடை கிடையாது. அதனாலேயே எட்டாம் வகுப்புப் பிள்ளை துணிந்து வாய் திறக்கலாம். அதே ஆண்டு நவம்பர் 28இல் திருச்சியில் தொடங்கிய, அறிவியலுக்கான வானவில் மன்றமும் நல்ல யோசனைதான். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கருத்தாளர் ஒருவர் சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கே வருகிறார். ஆய்வகமே இல்லாத நடுநிலைப் பள்ளிக்கு அது சின்ன விஷயமில்லை.

கோளாறு எங்கே வருகிறது? போட்டி அறிவிப்பு வந்ததும்தான். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிகள். கலைத் திருவிழாவில் வென்றால் கலையரசன், கலையரசி பட்டம். வெளிநாட்டுப் பயணமும் கிடைக்கலாம். பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத பிள்ளை விமானம் ஏறுவதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பள்ளி அளவில் நடப்பதைக் கவனியுங்கள். வட்டாரத்துக்கு யாரை அனுப்பினால் பரிசு வரும் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரியும். பேச்சுப் போட்டி, கவிதை, வில்லுப்பாட்டு என்று எல்லாவற்றுக்கும் அதே மூன்று நான்கு பேர்தான். பேச்சை ஆசிரியரோ அப்பாவோ எழுதித் தருகிறார். ‘அவையோர்க்கு வணக்கம்’ தொடங்கி நன்றி வரை ஒரே மூச்சு. கை எந்த வரியில் உயர வேண்டும் என்பதுகூட மனப்பாடம். நடுவில் ஒரு சொல் மறந்தால் மறுபடி முதல் வரியிலிருந்துதான் வண்டி கிளம்பும். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். மன்றம் அவர்களுக்கும் சேர்த்துத்தானே?

இதை மன்றம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மன்றத்தின் பயன் திக்கித் திணறுகிறவனுக்குத்தான் முதலில் சேர வேண்டும்.

பாடவேளைத் திருட்டு வேறு இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மன்றப் பாடவேளை கால அட்டவணையில் மட்டும்தான்; போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் அதை வாங்கிக்கொள்வார். அவரைத் திட்டிப் பயனில்லை. தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். திரைப்பட மன்றத்திலும், படம் போட்டது போலவே போட்டோ எடுத்துக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றினால் கணக்கு நேராகிவிடுகிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் மட்டும் இந்தப் போட்டி வலையில் அவ்வளவாகச் சிக்கவில்லை. 1969இல் காந்தி நூற்றாண்டில் கல்லூரிகளுக்காகத் தொடங்கி, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் இது. ஏழு நாள் சிறப்பு முகாமில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் இல்லை. கோயில் குளத்தங்கரையில் சீமைக்கருவேலம் வெட்டும்போது நன்றாகப் பேசுகிறவனுக்குத் தனி மரியாதை கிடைக்காது. பேசவே பேசாத பையன்தான் அங்கே ஆளை ஏவி வேலை வாங்குவான். சான்றிதழுக்காகச் சேர்பவர்கள் அங்கும் உண்டு, போகட்டும்.

போட்டிகளை ஒழிக்கச் சொல்லவில்லை. பள்ளி அளவுக் கூட்டத்தைத் தகுதிச் சுற்றாக நடத்துவதை நிறுத்தினால் போதும். ஒருமுறை பேசியவருக்கு அந்தப் பருவத்தில் மறு வாய்ப்பு இல்லை என்று தலைமையாசிரியரே விதி வைக்கலாம், அரசாணை தேவையில்லை. ஆய்வுக்கு வரும் அலுவலரும் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த ஆண்டு முதல்முறையாக மேடை ஏறியவர்கள் யார் யார் என்று கேட்கட்டும். எமிஸில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.