நூலே ஆசானாகும்போது: பாத்திரமேற்பு விளையாட்டு விதிநூல்களில் போரும் மந்திரமும்

முன்னுரை

விதிநூல் என்னும் எழுத்துவகை திறனாய்வாளர் கவனத்தைப் பெரிதும் பெற்றதில்லை. ஆயினும், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பெறும் பாத்திரமேற்பு விளையாட்டின் விதிநூல், கதையையும் கணக்கையும் ஒருங்கே சுமக்கும் பனுவல் என்பதால் தனித்து நோக்கத்தக்கது. இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரால் எழுதப்பெற்று, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. இவ்விளையாட்டில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். எஞ்சிய அந்த ஒருவர் களத்தை விவரிப்பார், எதிரிகளை இயக்குவார், விதி ஐயம் எழுமிடத்துத் தீர்ப்பும் சொல்வார். 'கேம் மாஸ்டர்' எனப்படும் அவர் இக்கட்டுரையில் ஆட்ட நடத்துநர் எனக் குறிக்கப்பெறுகிறார்.

முதன்முறை ஆட்டம் நடத்த அமரும் ஒருவருக்கு, முன்பே ஆடிப் பழகிய துணை இல்லாதபோது, நூலே ஆசான். விதிகள் முழுமையாக உள்ளனவா என்பதைக் காட்டிலும் அவை எந்த வரிசையில் கற்பிக்கப்படுகின்றன என்பதே அவருக்கு இன்றியமையாதது. போரை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் திறத்தை இந்நூல்கள் படிப்படியாக எய்தின. மந்திரத்தைக் கற்பிப்பதில் அத்திறம் நெடுங்காலம் கைகூடவில்லை. பிழையின் விலையைச் செலுத்துபவர் நடத்துநர் அல்லர், எதிரே அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர் என்பதால் இக்குறை வெறும் நடைக்குறையாக நின்றுவிடுவதில்லை.

அறிந்தோர்க்கு எழுதிய நூல்

1974ஆம் ஆண்டுப் பனுவல் போர்முறைக்கு, 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் பொம்மைப் படைப்போர் விதிநூலைச் சுட்டியது. இருபதுமுகப் பகடையை உருட்டும் முறையை மாற்றுவழியாக மட்டுமே அது தந்தது. பின்னாளில் அந்த மாற்றுவழியே விளையாட்டின் அடையாளமாயிற்று. படைப்போர் ஆடிப் பழகியவர்களே அந்நூல் எதிர்பார்த்த வாசகர்கள். புதியவருக்கு அதில் இடமில்லை. இவ்விடைவெளியை உணர்ந்து ஜே. எரிக் ஹோம்ஸ் தொகுத்த தொடக்கநிலைத் தொகுப்பு 1977இல் வந்தது. ஆயின் 1979இல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கையேடு, செறிவும் சுவையும் மிக்கதாயினும், சண்டையில் யார் முந்துவது என்ற ஒரு வினாவுக்கே வாசகரைப் பல பத்திகளுக்கு அலைக்கழிப்பது. அதைப் போற்றுவோர் உளர். தனித்துக் கற்பவருக்கு அது உதவிற்று எனல் அரிது.

அலீனாவின் இறப்பு

1983இல் ஃபிராங்க் மென்ட்சர் திருத்தி எழுதிய, சிவப்புப் பெட்டி எனப் பெயர்பெற்ற தொடக்கநிலைத் தொகுப்பு இம்மரபில் ஒரு திருப்பம். ஆட்டக்காரர் நூலைத் திறந்தவுடன் விதிகள் வருவதில்லை. ஒரு கதை வருகிறது. படிப்பவர் ஒரு போர்வீரராகக் குகைக்குள் நுழைகிறார். பாம்பு ஒன்று எதிர்ப்பட, பகடையை உருட்டித் தாக்கும் முறை அவ்விடத்திலேயே சொல்லப்படுகிறது. பின்னர் அலீனா என்னும் சமயகுருப் பெண் தோழியாகிறாள். அவள் வாய்மொழியாகவே மந்திரம் பற்றிய முதற்செய்தி கிடைக்கிறது. இறுதியில் பார்கில் என்னும் மந்திரவாதி ஏவும் ஒளியம்பால் அவள் மடிகிறாள். அடுத்துப் பார்கில் படிப்பவர்மீதே வசிய மந்திரத்தை ஏவ, அதைத் தாங்கும் தடுப்பெறிவு அறிமுகமாகிறது.

இந்நிகழ்ச்சி அந்தத் தலைமுறை ஆட்டக்காரர் நினைவில் நிலைத்தமைக்கு அதன் சோகம் ஒரு காரணம். கற்பித்தல் நோக்கில் அதனுள் வேறொன்றும் உள்ளது. போரைப் படிப்பவர் தம் கையால் செய்து கற்கிறார். மந்திரத்தையோ பிறர் செய்யக் கண்டும், தம்மீது ஏவப்பட்டும் அறிகிறார். மந்திரம் ஏவுபவரின் கணக்கு அவருக்குத் திறந்து காட்டப்படுவதில்லை. ஆட்டக்காரருக்கு இது பொருந்தலாம். மறைபொருளுக்கு அச்சம் வேண்டும். ஆனால், அதே மனிதர் அடுத்த வாரம் நடத்துநராக அமர்ந்து பார்கிலை இயக்க நேரும்போது அந்த மறைப்பே தடையாகிறது.

நான்கு கோப்ளின்கள்

ஐந்தாம் பதிப்பை ஒட்டி 2014இல் வெளிவந்த தொடக்கத் தொகுப்பில் 'லாஸ்ட் மைன் ஆஃப் பண்டெல்வர்' என்ற கதைக்களம் இடம்பெற்றது. அதன் முதல் மோதல், பாதையில் கிடக்கும் இறந்த குதிரைகளின் அருகே பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்களுடன் நிகழ்கிறது. முதன்முறை நடத்துபவரை மனத்திற்கொண்டு இங்கு நூல் படிப்படியாகப் பேசுகிறது: கோப்ளின்கள் அனைத்திற்குமாக ஒரே பகடை உருட்டிப் பதுங்கும் திறனாக 6 கூட்டுக, ஒவ்வொரு பாத்திரத்தின் இயல்பான கவனிப்பு எண்ணோடு ஒப்பிடுக, முந்துரிமை வரிசையைக் குறித்துக்கொள்க, இரண்டு கோப்ளின்கள் பாய்ந்து வரும், இரண்டு 30 அடி தள்ளி நின்று அம்பெய்யும், மூன்று வீழ்ந்தால் நான்காவது ஓடிவிடும். விதியும் நிகழ்வும் இவ்வாறு பின்னிச் செல்வதை இம்மரபின் சிறந்த கற்பித்தல் உரைநடைகளுள் ஒன்று எனத் தயங்காமல் கூறலாம்.

அக்குறிப்புகள் கோப்ளின்களின் பக்கத்தையே பேசுகின்றன. எதிரே ஒரு முதல்நிலை மந்திரவாதி 'ஸ்லீப்' என்னும் உறக்க மந்திரத்தைத் தெரிவுசெய்தால் என்ன ஆகும்? 2014ஆம் ஆண்டு விதிப்படி இம்மந்திரத்திற்குத் தாக்குதல் எறிவு இல்லை, தடுப்பெறிவும் இல்லை. எண்முகப் பகடையை ஐந்து முறை உருட்டிக் கூட்ட வேண்டும். தெரிந்தெடுத்த புள்ளியிலிருந்து 20 அடிக்குள் இருப்போரில் உயிர்ப்புள்ளி குறைந்தவரிலிருந்து தொடங்கி, கூட்டுத்தொகை தீரும்வரை ஒவ்வொருவராக உறங்குவர். கோப்ளின் ஒன்றின் உயிர்ப்புள்ளி 7. பகடைகளின் சராசரி 22.5. ஆகவே மூன்று கோப்ளின்கள் உறங்க, நான்காவது ஓட, நடத்துநர் அரும்பாடுபட்டுக் கற்ற போர் ஒரே முறையில் முடிந்துபோகலாம். இது குறையன்று, அந்த மந்திரவாதியின் வெற்றி. ஆனால், நடத்துநர் அதை எதிர்பாராத இடத்தில் சந்திக்கிறார்.

சிக்கல் வேறிடத்தில் முற்றுகிறது. மூன்று உயிர்ப்புள்ளியுடன் தள்ளாடும் தோழர் ஒருவர் அந்த வட்டத்துள் நின்றால் முதலில் உறங்குபவர் அவரே. பகடைத்தொகை 22 எனில் 19 எஞ்சும். அது இரு கோப்ளின்களுக்கே போதும். அத்தோழர் எல்ஃப் இனத்தவராயின் உறங்கமாட்டார். அச்செய்தி மந்திரத்தின் விளக்கத்தில் இல்லை. இனங்களைப் பற்றிய இயலில் இருக்கிறது. ஒரு வினாவுக்கு விடை காண நூலின் இரு மூலைகளைப் புரட்ட வேண்டியுள்ளது.

பொதுவிதியும் சிறப்புவிதியும்

சிறப்புவிதி பொதுவிதியை வெல்லும் என ஐந்தாம் பதிப்பு தன் முன்னுரையிலேயே அறிவிக்கிறது. இலக்கணம் பயின்ற தமிழ் வாசகருக்கு இக்கொள்கை புதிதன்று. தொல்காப்பியப் புணரியல் நெறிகளில் பொதுவிதியை அடுத்தே அதனின் விலகுவன பெரும்பாலும் கூறப்படும். எஞ்சியவற்றைத் தழுவப் புறனடை நிற்கும். ஐந்தாம் பதிப்பில் இந்த அண்மை இல்லை. ஒன்பதாம் இயல் போர், பத்தாம் இயல் மந்திரம் ஏவும் முறை, பதினோராம் இயல் அகரவரிசையில் மந்திரங்கள். அகரவரிசை தேடுவோர்க்கு உரியது, கற்போர்க்கு அன்று. எது பொதுப்போக்கினது, எது விலகுவது என்பதை அது காட்டுவதில்லை.

மனக்குவிப்பு விதி இதற்குத் தக்க சான்று. சில மந்திரங்கள் ஏவியவரின் மனக்குவிப்பு நீடிக்கும்வரையே நிலைக்கும். அவர் அடிபட்டால் 10 அல்லது அடியின் அளவில் பாதி, இவற்றுள் பெரியதை எட்டும் தடுப்பெறிவு தேவை. போர் நடுவே நிகழும் இது போர் இயலில் இல்லை. மந்திர இயலில், கால அளவு பற்றிய பகுதிக்குள் அமைந்துள்ளது. ஒன்பதாம் இயலைப் பழுதறக் கற்றவரும் இதைத் தவறவிடுவார். அடிபட்டவுடன் உருட்டச் சொல்லவேண்டியதை அவர் மறந்தால் மந்திரவாதி தகுதிக்கு மீறி வெல்கிறார். பின்னொரு நாள் நினைவு வந்து உருட்டச் சொன்னால் அதுவரை இல்லாத விதி தம்மீது மட்டும் பாய்ந்ததாக அவ்வாட்டக்காரர் கருதுவார். எதிர்ச்செயலாக ஏவப்படும் 'ஷீல்ட்' மந்திரமும் இத்தகையதே. அடி பட்டது என்று அறிவித்த பின்னரே அதை ஏவ முடியும். நடத்துநர் அவசரமாக உயிர்ப்புள்ளியைக் கழித்து அடுத்தவரிடம் சென்றுவிட்டால் அந்த உரிமை பறிபோகிறது. முதல்நிலை மந்திரவாதியை இரண்டு கோப்ளின் வெட்டுகளே சாய்த்துவிடக்கூடும் என்பதால் இதைச் சிறு பிழையாகத் தள்ளுவதற்கில்லை.

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 'ஷேர்ட் ஃபேன்டசி' (1983) என்னும் ஆய்வில், ஆடுபவர் மனிதர், ஆட்டக்காரர், பாத்திரம் என மூன்று சட்டகங்களுக்கிடையே நகர்வதை விளக்கினார். நடத்துநர் நூலைப் புரட்டும் அரைநிமிடத்தில் மேசை முழுவதும் மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு இறங்குகிறது. தீர்ப்பு பிழையென உணரப்பட்டால் முதலாவதற்கும் இறங்கும். அப்போது வருந்துவது பாத்திரம் அன்று, மனிதர்.

2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு விதிச்சொற்களை ஒரு சொற்களஞ்சியமாகத் தொகுத்து, நூலைப் புரட்டும் வேலையைக் குறைத்தது. உறக்க மந்திரமும் அதில் மாறியது. உயிர்ப்புள்ளிக் கணக்கு நீங்கிப் பிறவற்றைப் போன்றே தடுப்பெறிவு வந்தது, ஏவுபவர் தாம் விரும்பியவரை மட்டும் தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று, மனக்குவிப்பும் தேவையாயிற்று. புதிய நடத்துநருக்கு இது நிச்சயம் எளிது. காயம்பட்ட தோழர் முதலில் உறங்கிவிடுவாரோ என்று வட்டத்தின் விளிம்பை அளந்து, மந்திரவாதியும் நடத்துநரும் மேசைமீது ஒருசேரக் குனியும் அந்தக் கணம் மட்டும் இப்பதிப்பில் இல்லை.