ஹான்ஸ் கூங்கின் சமரச நெறி

சமயங்கள் தம்முள் இகலாது இணங்குதற்கு வழி இரண்டுள. மாறுபட்ட கொள்கைகளையே ஆராய்ந்து ஒருமை காண்டல் ஒன்று. கொள்கைகளை ஒருபால் நிறுத்தி, எல்லார்க்கும் ஒப்ப முடிந்த ஒழுக்கத்தை மேற்கொள்ளுதல் மற்றொன்று. சுவிட்சர்லாந்தில் 1928-இல் தோன்றி 2021-இல் மறைந்த கத்தோலிக்க இறைநூற் புலவர் ஹான்ஸ் கூங் இவ்விரண்டினையும் கையாண்டார். அவற்றின் வன்மை மென்மைகள் ஈண்டு ஆராயப்படும்.

1957-இல் வெளிவந்த அவரது முதல் நூல், இறைவன் பாவியை நீதிமானாக ஏற்றல் எவ்வாறு என்பது பற்றியது. 16-ஆம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுண்டதற்குத் தலையாய வழக்கு இதுவே. கூங், சீர்திருத்த சபைப் பேராசிரியர் கார்ல் பார்த்தின் கொள்கையையும், திரெந்துச் சங்கத்தின் முடிபையும் அவ்வவர் சொற்கொண்டே விளக்கி, இரண்டும் அடிப்படையில் இணங்குமென நிறுவினார். தம் கருத்துப் பிறழாது உரைக்கப்பட்டதெனப் பார்த்தே அந்நூற்கு வரைந்த முகவுரைக் கடிதத்திற் சான்று பகர்ந்தார். பிறர் கோளை அவரே உடன்படுமாறு எடுத்துரைத்தலினும் சிறந்த நடுவுநிலைமை யாதுளது? 1999-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இப்பொருள் பற்றி ஆக்ஸ்பர்க் நகரிற் கூட்டறிக்கையொன்றிற் கையொப்பமிட்டமை, அவ்வழி செல்லத்தக்கதே என்பதனை வலியுறுத்தும்.

போப்பாண்டவரின் வழுவாமைக் கோட்பாட்டை 1970-இல் வினாவியதன் பின்னர், 1979-இல் கத்தோலிக்க இறைநூலாசிரியராகக் கற்பிக்கும் உரிமையை உரோமை அவர்பால் நின்றும் நீக்கியது. ஆயினும் தூபிங்கன் பல்கலைக்கழகத்திலேயே இருந்து பிற சமய ஆராய்ச்சியைப் பெருக்கினார். 1984-இல் வெளியான நூலில், இஸ்லாம், இந்து, பௌத்த சமயங்களை அவ்வத் துறை வல்லார் மூவர் முதற்கண் உரைப்ப, அதன்பின்னரே கூங் மறுமொழி கூறுகின்றார். இதுவும் முன்னைய முறையே.

1993-இல் சிக்காகோவிற் கூடிய உலகச் சமயப் பேரவைக்கு அவர் வரைந்த உலக ஒழுக்க அறிக்கையோ வேறு நெறியிற் செல்கின்றது. கொல்லாமை, நேரிய பொருளியல், பொறையொடு கூடிய வாய்மை, ஆண்பெண் சமன்மை என நான்கு கடப்பாடுகளை அது விதிக்கின்றது. பௌத்தர் முதலியோரும் உடன்படல் வேண்டி, இறைவன் பெயர் அதன்கண் விடப்பட்டது. ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. ஒழுக்கத்தின் தவிராக் கடப்பாடு முழுமுதலைப் பற்றியன்றி நிலைபெறாதென 1990-இல் தம் நூலில் வாதித்தவர் கூங். அங்ஙனமாயின், முதலை விடுத்த கடப்பாடு எதன் வலியால் நிற்கும்?

அவ்வச் சமயத்தார் தத்தம் கொள்கையினின்றே அதற்கு வலி தேடிக்கொள்வர் என்பது அவர் கருத்தாதல் கூடும். அற்றேல், ஒதுக்கி வைத்த கொள்கை மீண்டும் வேண்டப்படுதலின், சமயங்களின் வேற்றுமை தீர்ந்திலது, ஆராய்ச்சியே பிற்போடப்பட்டது. இதனால் அறிக்கை பயனிலது என்றவாறன்று. பகை மூண்டவிடத்து அஃது அடக்குதற்கு உதவும். ஆயின் ஒரு சமயத்தாரை மற்றொரு சமயத்தார் உள்ளவாறு அறிதற்கு, இருபத்தொன்பதாம் யாண்டில் அவர் இயற்றிய அம்முதனூல் காட்டும் அரிய முறையே இன்றும் வேண்டப்படுவது.